ஐஸ் நன்றாக விற்கிறது

எங்கள் முதலாளி உலகநாதனுக்கு ஐஸைப் பற்றித் தெரிந்தது, அது குளிர்ச்சியாக இருக்கும் என்பது மட்டும்தான். பதினோரு வருடங்களாக ஐஸ் கம்பெனி நடத்துகிறார். அதற்கு முன் திருப்போரூரில் மனை விற்றுக்கொண்டிருந்தார். மனை விற்பவருக்கு மண்ணைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை, வாங்க வருகிறவனின் முகத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதே பழக்கத்தோடு ஐஸுக்கு வந்தார். ஐஸும் விற்றது. விற்றதனால் தனக்கு அந்தத் தொழில் தெரியும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

நான் அங்கே மெஷின் ஆபரேட்டர். பெயர் ஸ்டான்லி. செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. முடித்து, கோழி வெட்டும் கம்பெனி ஒன்றின் குளிர் அறையில் நான்கு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவன். கம்பெனி சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். படகுக்காரர்கள் தள்ளுவண்டியிலேயே ஐஸ் எடுத்துப் போவார்கள்.

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி வழக்கத்துக்கு மாறாக எட்டு மணிக்கே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. தரையைக் கழுவச் சொன்னார். இரண்டு வருடமாகக் கிழிந்து தொங்கிய ஒரு காலண்டரை அவரே கழற்றி எறிந்தார்.

"இன்னிக்கு செல்வி வரா" என்றார். "நல்லா போவுதான்னு கேப்பா. நல்லா போவுதுன்னு சொல்லு. அதோட வாய மூடிக்க. ஒனக்கு வெளக்கற வியாதி ஒண்ணு கீது பாரு, அத்த இன்னிக்கு ஒரு நாளு அடக்கி வெச்சிக்க."

"கேட்டா, சார்?"

"கேட்டாலும்."

செல்வி என்றால் தமிழ்ச்செல்வி, அவருடைய தங்கை. திருப்போரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா விட்டுப்போன நிலம் எண்பது சென்ட் இருவர் பேரிலும் இருக்கிறது. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, அந்த அம்மாள் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறார். சவுக்குக் கம்பு, நாற்காலி, அண்டா, குண்டான், எவர்சில்வர் தட்டு எல்லாம் அங்கேதான். வீட்டுக்காரர் தறுதலை. இரண்டு பிள்ளைகளும் அந்தக் கொட்டகை வருமானத்தில்தான் படித்து மேலே வருகிறார்கள். முதலாளிக்கு மனை போடும் ஆள் ஒருவன் கிடைத்திருந்தான். அவனுக்கு எண்பது சென்டும் ஒட்டுமொத்தமாக வேண்டும். தங்கை கையெழுத்துப் போட்டால் நிலம் போகும், கொட்டகை போகும், அந்தப் பணத்தில் எங்கள் கம்பெனியில் இரண்டாவது ஐஸ் தொட்டி வரும். தங்கைக்குக் கம்பெனியில் பங்கு என்று பேச்சு. ரெண்டாவது தொட்டி வந்தால் நான் சூப்பர்வைசர் என்று எனக்கும் ஒரு பேச்சு.

அந்த நிலத்தில் என் அப்பா ஆபிரகாம் கூலிக்கு நடவு பார்த்தவர். அதனால் எனக்கு அதன்மேல் பாசம் கீசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வரப்பில் அவருக்குத் தண்ணீர் ஊற்றிய விதத்தை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நிலம் நாளைக்கே மனையாகிப் போனாலும் எனக்குத் தூக்கம் கெடாது. எனக்குப் பொறுக்காதது வேறு. ஒரு மெஷின் என்ன சொல்கிறது என்று தெரியாமலேயே, அது சொன்னதாக ஒருவன் பொய்ச் சாட்சி சொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பத்து மணிக்கு முன்பே ராஜாராம் வந்துவிட்டான். பேங்கில் காட்டுவதற்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவன். ஆட்டுப்பண்ணைக்கும் எழுதுவான், அரிசி ஆலைக்கும் எழுதுவான். எழுதும் வார்த்தைகள் அதே வார்த்தைகள்தான், ஆடு என்ற இடத்தில் ஐஸ் என்று மாற்றினால் முடிந்தது. லேப்டாப்பை என் டூல்ஸ் மேசைமேல் வைக்க இடம் கேட்டான். ஸ்பேனர்களை நானே நகர்த்தினேன்.

தமிழ்ச்செல்வி அணுபுரத்தில் ஒரு காதுகுத்துக்கு நாற்காலி இறக்கிவிட்டு, அதே குட்டியானை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். கையில் சாவிக்கொத்து. "இன்னாண்ணா, கல்யாண வூடு மாரி கழுவி வெச்சிகீற?" என்றபடி உள்ளே வந்தார்.

"வா வா. ஸ்டான்லி, சுத்திக் காட்டு."

சுற்றிக் காட்டு என்றால் என்ன செய்வது? விளக்காமல் ஐஸ் கம்பெனியைக் காட்ட முடியாது. விளக்காவிட்டால் அது ஒரு பலகை மூடிய தரை, ஒரு பெரிய சத்தம், அவ்வளவுதான்.

பலகையைத் தூக்கிக் காட்டினேன். கீழே உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதில் வரிசையாகத் தகர டப்பாக்கள் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஐம்பது லிட்டர் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரை உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே வைத்திருக்கிறோம். உப்பு இருப்பதால் அது உறையாது, டப்பாவுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் உறைந்துவிடும். ஒரு இரவும் முக்கால் பகலும் ஆகும் அது அடிவரை கெட்டியாக. பிறகு சங்கிலியில் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு நிமிடம் அமுக்கினால் ஓரம் இளகி, ஐம்பது கிலோ ஐஸ் பார் ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

"உப்புத் தண்ணிக்கு அவ்ளோ குளுரு எப்டி வருது?"

கேட்டுவிட்டார். முதலாளி என்னை முறைத்தார். கேட்ட கேள்விக்கு நான் என்ன செய்ய முடியும்?

அம்மோனியாவைப் பற்றிச் சொன்னேன். கம்ப்ரஸர் அதை அமுக்கும், அமுக்கினால் சூடாகும். அந்தச் சூட்டைக் கூரைமேல் இருக்கும் குழாயில் தண்ணீர் ஊற்றி எடுத்துவிட்டால் அது திரவமாகிவிடும். அந்தத் திரவத்தை ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தொட்டிக்குள் இருக்கும் குழாயில் விட்டால் மறுபடியும் ஆவியாகத் துடிக்கும். ஆவியாவதற்குச் சூடு வேண்டும். பக்கத்தில் இருக்கும் உப்புத் தண்ணீரிடம்தான் அதைப் பிடுங்கும். கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருப்பதும் இதே சங்கதிதான் என்றேன். ஊசி போடும்போது பார்த்திருப்பீர்கள்.

"அட" என்று அந்த அம்மாள் தொட்டியின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதலாளி ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

"போதும், போதும். ராஜாராம், நீங்க காட்டுங்க."

ராஜாராம் லேப்டாப்பைத் திருப்பினான். திரையில் ஒரு நீலக் கோடு இடதுபக்கம் தரையில் தொடங்கி வலதுபக்கம் கூரைக்கு ஏறியது. ஆறு வருடத்துக்கு முன் நாளைக்கு எண்பது பார் விற்றோம். இப்போது நூற்றறுபது. அதற்குமேல் தொட்டியில் இடம் இல்லை, மதியம் இரண்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது, வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். எல்லாம் உண்மை. கோட்டில் ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது.

"ஆறு வருஷத்துல டபுள் மேடம்" என்றான் ராஜாராம். "இந்தக் கடற்கரையில மீன்வளம் டபுள் ஆகியிருக்குன்னு அர்த்தம். ரிப்போர்ட்லயும் அப்படித்தான் போட்டிருக்கேன்."

"மீனு டபுளா? மார்க்கெட்டுல வஞ்சிரம் வெல கேட்டா மயக்கம் வருது."

"அது டிமாண்ட் மேடம்."

"இந்தக் கோட்டுல மீனு எங்க கீது?"

"ஐஸ்தான் மேடம் மீன். மீன் இல்லன்னா ஐஸ் எதுக்கு வாங்கறாங்க?"

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தான். முதலாளியும் சிரித்தார். இந்த மாதிரி ஆட்களின் சிரிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? கணக்குப் பாடத்தில் தப்பான விடைக்கு வாத்தியார் தெரியாமல் சரி போட்டுவிட்டால் வரும் சிரிப்பு அது.

தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"என்னாண்ட ஐநூறு தட்டு எட்த்துகினு போவாங்க" என்றார். "எத்தினி பேரு சாப்ட்டாங்கன்னு அனுப்பன தட்ட வெச்சி எவனாவது சொல்ல முடியுமா? பொண்ணு வூட்டுக்காரன் கெத்துக்குன்னே ஆயிரம் தட்டு எட்ப்பான். திரும்பி வர்றப்ப பாத்தாதான் தெரியும். எது எச்சத் தட்டு, எது ஒறையே பிரிக்காம வந்த தட்டுன்னு. நீங்க போற ஐஸ எண்ணிகினு கீறீங்க. திரும்பி வர்ற மீன் பொட்டிய யாரு பாத்தது?"

கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டான்லி அண்ணா, நீங்க பாத்துகீறீங்களா?"

பார்த்திருக்கிறேன். மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐஸ் நொறுக்கும் மெஷினுக்கு எதிரேதான் படகுக்காரர்கள் காலிப்பெட்டியைக் கழுவ வருவார்கள். மூன்று வருடமாக வாயைத் திறக்காததற்குக் காரணம் எளிது. ஐஸ் விற்றால் எனக்குச் சம்பளம். ஊரில் எல்லாரையும் கேவலமாகப் பார்க்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"மணின்னு ஒரு படகுக்காரரு, அவரு போட்டு இப்ப வர்ற நேரம்மா" என்றேன். "செவ்வாக்கெழம எட்டு பார் ஏத்திகினு போனாரு. வாங்க, போய்ப் பாக்கலாம்."

"யோவ்" என்றார் முதலாளி.

"நல்லா போவுதான்னு பாக்கத்தான் சார்."

கடற்கரைக்கு நால்வரும் நடந்தோம். ராஜாராமின் ஷூவுக்குள் மணல் போனது. இரண்டு முறை நின்று கொட்டினான்.

மணியின் ஃபைபர் போட்டை டிராக்டர் இழுத்து மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது. மணிக்கு ஐம்பது வயது. மூன்று நாள் உப்பு முகத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கூட மூன்று பேர்.

"இன்னா மொதலாளி, ஐஸ் கம்பெனியே எறங்கி வந்துகீது? மீனுக்கு பதிலு ஐஸ ஏலம் வுடப் போறியா?" என்றார் மணி.

"தங்கச்சி பாக்கணும்ன்னுது. பொட்டிய தொற."

மணி பெட்டியைத் திறந்தார். மேலே நொறுங்கிய ஐஸ், கால்வாசிப் பெட்டிக்கு. கீழே தண்ணீர். இடையில் கையை விட்டுத் துழாவி மீனை எடுத்து வெளியே போட்டார். போட்டுக்கொண்டே இருப்பார் என்று நினைத்தேன், சட்டென்று நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வஞ்சிரம், ஒரு கூடை சங்கரா, ஒரு சின்னத் திருக்கை. தராசில் ஏற்றினார்கள். முப்பத்தொரு கிலோ.

"அவ்ளோதானா?" என்றார் தமிழ்ச்செல்வி.

"மூணு நாளுக்கு அவ்ளோதான், தங்கச்சி."

இனி என் வியாதியை அடக்க முடியவில்லை. மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னேன்.

மூன்று கிலோ மீனைச் சுட்டுவிரல் விறைக்கும் அளவுக்குக் குளிரவைக்க ஒரு கிலோ ஐஸ் போதும். அப்படியானால் இந்த முப்பத்தொரு கிலோவுக்கு வேண்டியிருந்தது பத்துப் பதினோரு கிலோ. மணி கொண்டுபோனது நானூறு கிலோ. நூறு மிச்சம் இருக்கிறது. மீதி எங்கே போனது? வெயிலுக்குப் போனது. பெட்டியின் சுவர் வழியாகச் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. நாளைக்கு இரண்டு பார் உருகும். ஒரு நாள் போனால் இரண்டு, மூன்று நாள் போனால் ஆறு, கைக்காவலுக்கு இரண்டு. பெட்டி நிறைய மீன் வந்தாலும், ஒரு மீன்கூட வராவிட்டாலும், போகும்போது ஏற்றுவது எட்டுதான். மணி எங்களிடம் வாங்குவது மீனுக்கான ஐஸ் இல்லை, கடலில் இருக்கும் நாளுக்கான ஐஸ்.

ஆறு வருடத்துக்கு முன் இதே மணி விடியுமுன் போய், காலை எட்டு மணிக்குக் கரையில் இருப்பார். படகில் ஐஸ் பெட்டியே கிடையாது. மீன் வந்து, ஏலம் போய், வாங்கின வியாபாரிதான் எங்களிடம் வருவார். வண்டியில் போகும் வழிக்கும் சேர்த்து நூறு கிலோ மீனுக்கு ஒரு பார். அன்றைக்கு எண்பது பார் விற்றது என்றால் எட்டாயிரம் கிலோ மீன் வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்போது ஐஸ் மீனைச் சொன்னது. இப்போது மீன் வருவதற்கு முன்பே ஐஸ் விற்றுவிடுகிறது. பக்கத்தில் மீன் இல்லாததால் தூரம் போகிறார்கள், தூரம் போவதால் நாள் கூடுகிறது, நாள் கூடுவதால் ஐஸ் கூடுகிறது. அந்த நீலக் கோடு மேலே போகப் போக மீன் கீழே போகிறது என்று அர்த்தம்.

தமிழ்ச்செல்வி குனிந்து ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்தார். "சின்னதா கீது."

"அது இன்னும் ஒரு தபா கூட முட்ட போட்டதில்லம்மா" என்றேன். வஞ்சிரம் முக்கால் மீட்டர் வளர்ந்தால்தான் முதல் முட்டை. அதற்கு இரண்டு வருடம் ஆகும். கையில் இருந்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் இதை முழுசாகப் பொரித்து, எலுமிச்சை செருகி, தட்டில் படுக்கவைத்துக் கொடுக்கிறார்கள். காரில் வருகிறவர்கள் முதலில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வஞ்சிரம் தட்டுக்குள் முழுசாக அடங்குகிறதே, இது என்ன வயசு என்று ஒருவனும் கேட்டதாகத் தெரியவில்லை.

"இத்தினியூண்டு எப்டி மாட்டுது? வலையில பூந்து பூடாதா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அதுவும் நல்ல கேள்வி. இந்த வலையில் மீன் செவுளில் மாட்டும். தலை வலைக் கண்ணிக்குள் நுழைந்து உடம்பு நுழையாமல் சிக்கிக்கொள்ளும் மீனை மட்டும்தான் அது பிடிக்கும். சின்னது நழுவிவிடும். பெரிய கண்ணி போட்டால் பெரிய மீன் மட்டும். பெரிய மீன் தீர்ந்ததும், வலையைக் கடலில் ஒரு வருடம் போடாமல் இருக்கலாம், அல்லது கண்ணியைச் சின்னதாக்கலாம். எல்லாரும் என்ன செய்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மணியின் வலைக் கண்ணி ஆறு வருடத்தில் மூன்று தடவை சுருங்கியிருக்கிறது.

"இன்னா அண்ணாத்த, என்ன பாத்துகினே சொல்ற?" என்றார் மணி. "நான் வுட்டா பக்கத்து போட்டுக்காரன் புட்ச்சிப்பான். பெரிய போட்டுக்காரன் ராவோட ராவா வந்து வாரிகினு போறான், அவன போய்க் கேளு. நீ மெஷின நிறுத்திட்டு வந்து சொல்லு, நானும் வலைய மட்ச்சி வெக்கறேன்."

கரையில் நிற்கும் எல்லாரிடமும் அந்த ஒரே வாக்கியம் தயாராக இருக்கிறது, பக்கத்து ஆள் பிடித்துக்கொள்வான் என்று. பக்கத்து ஆளிடம் போனால் அவனும் அதையே மணியைக் காட்டிச் சொல்வான்.

ராஜாராம் தொண்டையைச் செருமினான். "ஒரு போட்டை வச்சு முடிவு பண்ணக்கூடாது சார். சாம்பிள் பத்தாது."

"வர்றது எல்லாம் பாரேன். நாங்க இன்னா மூடி வெச்சா கீறோம்?" என்றார் மணி.

நின்று பார்த்தோம். இரண்டாவது போட்டில் நாற்பது கிலோ. மூன்றாவதில் பத்தொன்பது. நான்காவதில் கிழிந்த வலை. ராஜாராம் அதற்குப்பிறகு சாம்பிளைப் பற்றிப் பேசவில்லை, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

முதலாளி மட்டும் முன்னால் வந்து நின்றார். கடலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம், பதினோரு வருடத்தில் ஒரே ஒரு நிமிடம், இந்த மனிதனுக்கும் ஒரு விஷயம் புரிகிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. விளக்குகிறவனுக்கு அதைவிடப் பெரிய கூலி கிடையாது.

"ஸ்டான்லி, நீ சொல்றது இன்னா, மீனு கொறஞ்சா ஐஸு ஜாஸ்தி போவும். அதானே?"

"அதான் சார்."

"இன்னும் கொறஞ்சா இன்னும் ஜாஸ்தி போவும்."

"ஆமா சார்."

"அப்ப அது நமக்கு நல்லதுதானேய்யா!" முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா செல்வி? மீனு கீதோ இல்லியோ, நமக்கு ஓடும். இத்தினி நாளு நான் மீன நம்பிகினு பயந்துனு இருந்தேன். ராஜாராம், இத்த ரிப்போர்ட்ல சேக்கணும் நீங்க."

ராஜாராம் ஒரு கையில் ஷூவோடு, மறு கையில் போனை எடுத்து உண்மையாகவே எதையோ தட்டிக்கொண்டான்.

மணி பெட்டியின் மூடியை மெதுவாகக் கீழே வைத்தார். "நைனா, நீ ரெண்டாவது தொட்டி கட்டறதுக்கோசரம் நாங்க நாலாவது நாளும் கடல்ல கெடக்கணுமா?"

"கெடக்கத்தானே போற? நான் சொல்லியா போற?"

சொன்னது சரிதான். அதனால்தான் அருவருப்பாக இருந்தது. முட்டாள் தப்பாகப் பேசினால் திருத்தலாம். சரியாகப் புரிந்துகொண்டு இப்படிப் பேசுகிறவனிடம் என்ன சொல்வது? ஆனாலும் சொன்னேன். கோடு ஏறுவது உண்மை, ஆனால் அது ஏறின மாதிரி மெதுவாக இறங்கிவராது சார் என்றேன். நான்கு நாள், ஐந்து நாள் என்று ஏறும். ஒரு நாள் டீசல் காசுக்குக்கூட மீன் வராது. அன்றைக்கு மணி படகை இறக்கமாட்டார். அவர் மட்டும் இல்லை, எல்லாருக்கும் ஏறக்குறைய அதே பருவத்தில் அந்த நாள் வரும், ஏனென்றால் எல்லாரும் தேடுவது ஒரே மீனை. முந்தின நாள் முன்னூறு பார் விற்றிருக்கும். மறுநாள் பத்துகூடப் போகாது. நடுவில் படிக்கட்டு கிடையாது. தொட்டியில் உறைந்து கிடக்கும் ஐஸை வைத்துக்கொண்டு கரண்ட் பில் கட்டிக்கொண்டிருப்போம்.

"அது எப்ப வரும்?"

"தெரியாது சார்."

"தெரியாதில்ல? அப்பறம் இன்னாத்துக்கு இங்க பிரசங்கம்? பத்து வருஷம் ஆவும். அதுக்குள்ள போட்டத எடுத்துடலாம்." தங்கையின் பக்கம் திரும்பினார். "செல்வி, பேப்பரு கம்பெனிலயே கீது. வா, நாஸ்தா துண்ணுட்டு கையெழுத்து போட்டுடு."

தமிழ்ச்செல்வி வஞ்சிரத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, கையைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தார்.

"அந்த நாளு எப்பன்னு தெரிஞ்சிகினு வாண்ணா" என்றார். "அதுக்கு மொத நாளு வந்து கூப்புடு. கையெழுத்து போடறேன்."

"இன்னா வெளாட்றியா?"

"நீதான் வெளாட்ற. இவங்க வவுத்துல ஈரத்துணி கட்டிகினு கடல்ல கெடந்தா உனக்கு நல்லதாம். அதுல எனக்கும் பங்காம். அந்தப் பங்கு எனக்கு வாணாம். என் நாப்பது சென்ட்ட அளந்து குடு, கொட்டா கீற பக்கமா. உன் நாப்பத நீ வித்துக்க, ஐஸ்ல போடு, கடல்ல போடு, நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

"பாதி நெலத்த எவன் வாங்குவான், பேஜாரு பண்ணாத!"

"கொறச்சி கேப்பான். நீ மனை வித்தவன், உனக்குத் தெரியாதா?"

மணியும் அவருடைய ஆட்களும் சிரித்தார்கள். மூன்று நாள் கழித்துச் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் மணிக்குப் பணம் கொடுத்து சங்கரா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார். வஞ்சிரம் வேண்டாம் என்றுவிட்டார். குட்டியானையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனிக்குத் திரும்பும் வழியில் முதலாளி என்னைப் பேசியதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. என் அப்பா அவர்கள் நிலத்தில் எப்படி நின்றார் என்பதில் ஆரம்பித்து, எனக்கு ஐ.டி.ஐ. ஒரு கேடா என்பதில் முடித்தார். ராஜாராம் ஒன்றும் கேட்காததுபோல் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தான். நான் பதில் பேசவில்லை. பயத்தினால் இல்லை. ஒருவன் தன் உயரத்தைத் தானே காட்டிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது.

வேலையைவிட்டு எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கம்ப்ரஸரின் வால்வு தேய ஆரம்பித்தால் சத்தத்தில் ஒரு சின்ன விக்கல் வரும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் காது இந்த வட்டாரத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது. சூப்பர்வைசர் பேச்சு மட்டும் அதோடு நின்றது.

வைகாசியில் சர்வேயர் வந்து நிலத்தை அளந்து நடுவில் கல் நட்டார். முதலாளி தன் பாதியை நினைத்ததைவிடக் குறைந்த விலைக்கு விற்றார். குறைந்ததை ஈடுகட்டப் பேங்கில் கடன் வாங்கினார், ராஜாராமின் அறிக்கையை வைத்துத்தான். நீலக் கோடு அப்படியே இருந்ததாம். மீன்வளம் டபுள் என்ற வரியும் அப்படியே இருந்ததாம். அங்கே ஒருவரும் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை.

ஆடி பிறந்ததும் மணி வந்து பத்து பார் கேட்டார். "நாலு நாளா?" என்றேன். "ஆமா அண்ணாத்த" என்றார். நொறுக்கிக் கொடுத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் தமிழ்ச்செல்வி போன் செய்தார். பின்னால் பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது. கல் நட்ட இடத்தில் வேலி போட்டாயிற்று என்றார். கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை, அண்டா வைத்திருந்த மூலை மட்டும் அண்ணன் பக்கம் போய்விட்டது, அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன் என்றார்.

"புது மெஷினு வந்துட்சாமே?"

"நேத்து எறங்கிச்சிம்மா."

"யாரு பூட்டறது?"

"நான்தான்."

யாரிடமோ அண்டாவை இறக்கிவைக்கச் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"எல்லாம் தெரிஞ்சிகினே பூட்டறீங்க. வெக்கமா இல்ல ஸ்டான்லி அண்ணா?"

"கீதும்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். புது கம்ப்ரஸர் மரச்சட்டத்தில், பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி நின்றது. நல்ல மெஷின். அடித்தளக் கான்கிரீட் காய இன்னும் ஆறு நாள் இருந்தது. அது காய்வதற்கு முன் மெஷினை ஏற்றச் சொல்லி முதலாளி காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். ஏற்றினால் போல்ட் அசையும், போல்ட் அசைந்தால் தண்டு கோணும் என்று அவருக்கு விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. தண்ணீர்க் குழாயை எடுத்து கான்கிரீட்டை நனைத்துவிட்டு, அது வெயிலில் வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன்.